சலாகை வரைபில் இரண்டாம் மாணவி

நானும் அவளும் ஒரே நாளில் பிறந்தவர்கள். அவள் முதலில் வந்தாள், அதனால் பெரியவள். பின்னால் வந்த நான் சின்னவள். எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து அந்த வரிசை வீடுகளில், யாரும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை. "பெரியவ எங்க, சின்னவ எங்க" என்றுதான் கேட்பார்கள். பொகவந்தலாவை பஜாரிலிருந்து மேலே ஏறும் பாதையில், பஸ் திரும்புகிற இடத்துக்கும் மேலே எங்கள் தோட்டம். பள்ளிக்கூடம் கீழே பஜாரில். காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் இறங்கி, ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் உட்காருவோம். சாயங்காலம் ஒரே விளக்கின் கீழே படிப்போம். அவளுக்குப் படிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

அதற்குக் காரணம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. எனக்கு நோய் நொடி வந்து படிப்பு கெடவில்லை. அவளை மட்டும் படிக்கவைத்து என்னை வேலைக்கு அனுப்பவில்லை. அவள் ஒரு பக்கத்தை ஒருமுறை வாசித்தால் அது அவளிடம் தங்கிவிடும். நான் எத்தனை முறை வாசித்தாலும், சோதனை அன்று பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பாதி உதிர்ந்திருக்கும். தேர்ச்சி அறிக்கை கொடுக்கிற நாளில் அம்மா கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து வந்ததும் வராததுமாக, "ரெண்டையும் குடுங்க" என்று வாங்கி அப்பாவிடம் நீட்டுவார். அப்பா தேயிலைத் தூள் செய்கிற ஸ்டோரில் வேலை செய்தவர், நன்றாக வாசிப்பார். பெரியவளுடையதைச் சத்தமாக வாசிப்பார். என்னுடையதை மனதுக்குள் வாசித்துவிட்டு மடித்துக் கொடுப்பார். "அடுத்த தவணை பாப்போம்" என்பார். ஒருநாளும் திட்டியதில்லை. சத்தமாக வாசித்துத் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

பத்தாம் தரத்தில் இருந்தபோது நான் பள்ளிக்கூடத்துக் கணினிக் கழகத்தில் சேர்ந்தேன். அவள் சேரவில்லை. பின்னேரங்களில் அவளுக்கு ஹட்டனில் விஞ்ஞான டியூஷன் இருந்தது. உண்மையைச் சொன்னால், அவள் இல்லாத ஒரே அறை என்பதற்காகத்தான் நான் அங்கே போனேன்.

கணினி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். பஜாரில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருவார், அப்படியும் கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். எங்களை "நீர்" என்று பேசுவார். முதலில் எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. பிறகு, யாரோ நம்மைப் பெரிய மனுஷியாக மதிப்பதுபோல் பிடித்துப்போனது. அவரிடம்தான் பைதனில் செய்நிரல் எழுதப் பழகினோம். எனக்கு அது கடினமாகத் தெரியவில்லை. மனதில் எதையும் தக்கவைக்க வேண்டியதில்லை, எல்லாம் திரையிலேயே இருந்தது. பிழை விட்டால் கணினி சிவப்பு எழுத்தில் சொல்லும். யாருக்கும் கேட்காது.

அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொழும்பில் வியாபாரம் செய்கிற ஒரு முதலாளி சில கணினிகள் வாங்கிக் கொடுத்திருந்தார். அவர் நேரில் பார்க்க வருகிறார் என்றதும் அதிபர் ஒரு கண்காட்சி வைக்கத் தீர்மானித்தார். கணினிக் கழகமும் ஏதாவது வைக்க வேண்டும்.

"ஒரு சலாகை வரைபு எல்லாரும் கீறுவினம்" என்றார் டீச்சர். எண்களைத் தூண்களாக நிறுத்திக் காட்டுகிற படம் அது. "இரண்டு தரவுத் தொகுதியை எடுத்து, ஒரே வரைபில பக்கத்துப் பக்கத்தில நிற்பாட்டினால்தான் பார்க்கிற ஆள் ஒண்டை ஒண்டோட ஒப்பிடலாம். அதைச் செய்நிரலால செய்து காட்டுவம். அப்பிடி என்ன தரவு கிடக்கு எங்களிட்ட?"

மழை என்றான் ஒருவன். மழையை யார் அளந்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதும் உட்கார்ந்துவிட்டான். பின்னாலிருந்து இன்னொருவன், "சின்னவ மார்க்ஸும் பெரியவ மார்க்ஸும் போடுவோம் டீச்சர், நல்லா வித்தியாசம் தெரியும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. யோசித்தார். "அது பகிடி இல்லை, நல்ல தரவு. ஒரே வயசு, ஒரே வகுப்பு, ஒரே பாடங்கள்" என்று விரல்விட்டு எண்ணியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "உமக்கு ஓமெண்டால் மட்டும்தான். பேர் போட மாட்டம். மாணவி ஒண்டு, மாணவி இரண்டு எண்டு போடுவம். வேண்டாமெண்டால் சொல்லும், வேற பாப்பம்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் எனக்கு வலிக்கிறது என்று ஆகிவிடும். "எனக்கென்ன டீச்சர், போடுங்க" என்றேன். குரல் சாதாரணமாக வந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வீட்டில் அவளிடம் சொன்னேன். அவள் பாவாடையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குப் பரவாயில்லையா?"

"எனக்கென்ன?"

மடித்த பாவாடையை ஓரமாக வைத்தாள். அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் மறுத்திருந்தால் என் மானமும் போகாது, காரியமும் நின்றுவிடும். அவள் எழுந்து போய்த் தன் தேர்ச்சி அறிக்கையை எடுத்துவந்து என் பாயில் வைத்தாள்.

செய்நிரலை நான்தான் எழுதினேன். கழகத்தில் வேகமாகத் தட்டச்சு செய்கிறவள் நான். பாடங்களுக்கு ஒரு வரிசை, என் புள்ளிகளுக்கு ஒரு வரிசை, அவள் புள்ளிகளுக்கு ஒரு வரிசை. அவளுக்கு நீலம் கொடுத்தேன், எனக்குச் செம்மஞ்சள். என் சலாகைகளை வரையச் சொல்லும் கட்டளையை முதலில் எழுதினேன், அதற்குக் கீழே அவளுடையதை. ஓடவிட்டேன்.

திரை முழுக்க நீலம். கணிதம், விஞ்ஞானம், வரலாறு, தமிழ், எல்லாவற்றிலும் நீலத் தூண்கள் மட்டும் வரிசையாக நின்றன. முதலில் எனக்கு விளங்கவில்லை. சிங்களம் என்ற இடத்தில் மட்டும் நீலத்தின் தலையில் ஒரு செம்மஞ்சள் தொப்பி தெரிந்தது. பஜாரில் ரொட்டிக் கடை வைத்திருந்த சிங்கள வீட்டுப் பிள்ளைகளோடு சின்ன வயதிலிருந்து விளையாடியவள் நான். சிங்களத்தில் மட்டும் அவளைவிட எனக்குக் கொஞ்சம் கூட. அதைப் பார்த்த பிறகுதான் நடந்தது புரிந்தது. இரண்டு பேருடைய தூண்களும் ஒரே இடத்தில் வரையப்பட்டிருந்தன. முதலில் என்னை வரைந்து, அதன்மேல் அவளை வரைந்திருக்கிறது. அவள் என்னைவிட உயரமாக இருந்த இடமெல்லாம் நான் அவளுக்குப் பின்னால் முழுசாக மறைந்துபோயிருந்தேன்.

அந்தப் படத்தை நான் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் ஜெயித்த ஒரு இடம் மட்டும் தெரிகிறது, தோற்ற இடமெல்லாம் காணோம். யாரும் ஏமாற்றவில்லை, எல்லாப் புள்ளியும் உள்ளேதான் இருக்கிறது. அப்படியே சேமித்து, "முடிஞ்சுது டீச்சர்" என்றேன்.

டீச்சர் கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"வடிவாயிருக்கு. மற்றப் பிள்ளை எங்க?"

"பின்னால இருக்கு டீச்சர்."

"பின்னால இருந்தால் ஆருக்குத் தெரியும்? ஒண்டை ஒண்டு மறைக்குது பாரும். கொஞ்சம் தள்ளி வையும்."

தள்ளி வைப்பது நான் நினைத்ததுபோல் சுலபமாக இல்லை. இடங்களின் வரிசையிலிருந்து நேரடியாக ஒரு எண்ணைக் கழித்துப் பார்த்தேன், வரிசையில் அப்படிக் கழிக்க முடியாது என்று சிவப்பில் திட்டியது. ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாக எடுத்துக் கழிக்க வேண்டும் என்று பிறகு விளங்கியது. அப்படிச் செய்தபோது தூண்கள் அகலமாக இருந்ததால் விஞ்ஞானத்தின் நீலம் போய்க் கணிதத்தின் செம்மஞ்சளில் இடித்தது. தூணின் அகலத்தைக் குறைத்தேன். அந்த அகலத்தில் பாதியளவு அவளை இடது பக்கம் நகர்த்தி, பாதியளவு என்னை வலது பக்கம் நகர்த்தினேன். மறுபடி ஓடவிட்டபோது இரண்டிரண்டாக, தோளோடு தோள் ஒட்டி நின்றன.

சரியாக வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் முதலில் கைதட்டிவிட்டேன். அடுத்த நிமிடமே படத்தைப் பார்த்தேன். கணிதத்தில் அவள் உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தாள், நான் அவளுடைய இடுப்பளவுக்கும் வரவில்லை. விஞ்ஞானத்தில் அதைவிடக் கீழே. தேர்ச்சி அறிக்கையில் அவை வெறும் எண்கள், வாசிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும். இப்போது யார் வேண்டுமானாலும் ரோட்டில் நின்றே பார்த்துவிட்டுப் போகலாம். அதை அப்படித் தெரியும்படி நிற்கவைத்தது என் கைதான்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. படத்தில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக வந்தன. எழுத்துருவை மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. கடைசியில் பெயர்கள் இல்லாமல் பெரிதாக அச்சடித்து வந்து, பாடங்களின் பெயர்களையும் மூலையில் நிறங்களுக்கான விளக்கத்தையும் என் கையெழுத்திலேயே எழுதி ஒட்டினேன். நீலம், மாணவி ஒன்று. செம்மஞ்சள், மாணவி இரண்டு.

பெயர் போடாததில் ஒரு பயனும் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இரட்டைப் பிள்ளைகள் நாங்கள் மட்டும்தான், யாருடைய புள்ளிகள் என்று கழகத்துப் பிள்ளைகள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். பலகையில் படத்தை மாட்டிய அன்றே என்னைச் செம்மஞ்சள் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கீழ் வகுப்புப் பிள்ளைகள்கூட, "செம்மஞ்சள் அக்கா போறாங்க" என்றார்கள். அவர்களுக்கு ஏன் அந்தப் பெயர் என்றுகூடத் தெரிந்திருக்காது.

வீட்டில் கண்காட்சி பற்றி நான் மூச்சுவிடவில்லை. யாரும் பெற்றோரைக் கூட்டிவரத் தேவையில்லை என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஆனால் பெரியவளுக்கு விஞ்ஞானப் பகுதியில் ஒரு பரிசோதனை செய்து காட்டும் வேலை இருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது அவள் சொல்லிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை கண்காட்சிம்மா. எல்லா அம்மா அப்பாவும் வருவாங்க."

"சின்னவளும் ஏதும் செய்றாளா?" என்று கேட்டார் அம்மா.

"அவதான் கம்ப்யூட்டர்ல படம் செஞ்சிருக்கா. நடுவுல மாட்டியிருக்காங்க."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குப் பெயர் கிடைக்கிற மாதிரி ஏதோ நடக்கிறது என்று அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. மறுநாள் காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் வைத்து, வெள்ளிக்கிழமை வேலைக்கு வர முடியாது என்று மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். "சின்னவ கம்ப்யூட்டர் படம் போட்ருக்காளாம்னு சொன்னேன், சரின்னுட்டாரு" என்று சிரித்தார். நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே தூறல். மண்டபத்தில் ஈரக் குடைகளின் மணம். நான் வரைபுக்குப் பக்கத்தில் ஒரு குச்சியோடு நின்றேன். பெரியவள் எதிர்ப்பக்க மேசையில் ஏதோ நிறம் மாறும் திரவங்களை வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில் வந்திருந்தார். அப்பா முழுக்கைச் சட்டையில். முதலாளி வருவதற்கு முன்பே அவர்கள் என்னிடம் வந்துவிட்டார்கள்.

"இதா நீ போட்டது?" அம்மா படத்தைத் தொடலாமா என்று கேட்பவர்போல் விரலை நீட்டினார். "எம்புட்டு வடிவா நிக்கிது. இது என்னா கணக்கு?"

"மார்க்ஸும்மா. ரெண்டு புள்ளைங்களோட மார்க்ஸ்."

"யாரு புள்ளைங்க?"

அப்பா அதற்குள் பாடங்களின் பெயர்களை வாசித்து, தூண்களின் உயரத்தையும் பார்த்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அம்மாவின் கையைப் பிடித்து, "வா, அந்தப் பக்கம் பாப்போம், இங்க ஆளுங்க வர்றாங்க" என்று கூட்டிக்கொண்டு பின்னால் போனார். அம்மா திரும்பித் திரும்பிப் படத்தைப் பார்த்துக்கொண்டே போனார்.

முதலாளி வந்தார். நல்ல மனிதர்தான், எல்லாப் பிள்ளைகளிடமும் நின்று பேசினார். அதிபரும் ஆசிரியர்களும் சூழ்ந்து நின்றார்கள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். இரண்டு தரவுத் தொகுதிகளை எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, தூணின் அகலம் எவ்வளவு, பாதி அகலத்தை ஏன் கழிக்க வேண்டும், எல்லாம் தடங்கல் இல்லாமல் வந்தது. அவர் தலையாட்டிக் கேட்டார். பிறகு படத்துக்கு நெருங்கி வந்து பார்த்தார்.

"இது உண்மையான மார்க்ஸா?"

"ஆமா சேர்."

"எவ்வளவு வித்தியாசம் பாருங்க." அவர் அதிபர் பக்கம் திரும்பினார். "இதத்தான் நான் எப்பவும் சொல்லுறது. இந்த முதல் பிள்ளையோட வீட்டில தாய் தகப்பன் கவனிக்கிறாங்க, அதுதான் இப்பிடி நிக்கிது. ரெண்டாவது பிள்ளைய வீட்டில யாரும் திரும்பிப் பாக்கிறதில்லபோல. தோட்டப் பக்கம் இதுதான் பெரிய குறை. பெத்தவங்களுக்கு அக்கறை இருந்தா பிள்ள இப்பிடி விழாது."

அதிபர் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார். நான் கூட்டத்துக்குப் பின்னால் பார்த்தேன். அப்பா சட்டையின் கைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றார். அம்மாவுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கையிலிருந்த குச்சி மட்டும் கணிதத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"ரெண்டும் ஒரே வீடு சேர்."

பெரியவளின் குரல். மேசையை விட்டு வந்து கூட்டத்துக்குள் நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"நாங்க ரெட்டப் புள்ளைங்க. நீலம் நான், மத்தது இவ. அந்தா நிக்கிறாங்க எங்க அம்மா அப்பா. ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதான் பாக்குறாங்க. அவங்கள சொல்லாதீங்க."

முதலாளி அவளைப் பார்த்தார், பிறகு எங்கள் அம்மா அப்பாவை, கடைசியில் என்னை. அவருக்கும் சங்கடமாகப் போய்விட்டது.

"ஓ... அப்பிடியா. நீங்கதானா இந்த ரெண்டாவது?"

"ஆமா சேர்."

"உங்க மார்க்ஸ நீங்களே போட்டு, நீங்களே நின்னு விளங்கப்படுத்துறீங்களா? இந்த நேர்மை பெரியவங்களுக்கே வராது." அவர் கைதட்டத் தொடங்கினார். அதிபரும் தட்டினார். மண்டபம் முழுவதும் தட்டியது.

பரிசு வாங்கும்போது பெரியவளுக்குக் கைதட்டுவார்கள், நான் கீழே உட்கார்ந்து தட்டுவேன். எனக்கென்று யாரும் தட்டியது அதற்கு முன் இல்லை. எதற்காகத் தட்டுகிறார்கள் என்று தெரிந்திருந்தபடியால் நிலம் பிளந்தால் தேவலை என்று நின்றேன். குறைந்த புள்ளி எடுத்தவள் என்று இதுவரை தெரியாதவர்களுக்கும் என் முகம் தெரிந்துவிட்டது. பின்னால் ஒரு பிள்ளை, "எந்த அக்கா, எந்த அக்கா" என்று தோள்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தது.

கூட்டம் நகர்ந்த பிறகு டீச்சர் வந்தார். "நான் இவ்வளவுக்கு யோசிக்கேல்லை பிள்ளை" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பரவாயில்லை டீச்சர் என்றேன். எனக்கு ஓமா என்று கேட்டுத்தானே செய்தார்.

அப்பா மட்டும் படத்துக்கு முன்னால் வந்து நின்று, இந்தத் தடவை ஆற அமரப் பார்த்தார். சிங்களத்தில் விரலை வைத்தார்.

"இந்த எடத்துல நீதான் ஒசரம்."

"அது சிங்களம்பா."

"சிங்களம்னா என்னா? எந்த ஆபீஸுக்குப் போனாலும் அதுலதானே கேக்குறான். இது பெரியவளுக்கே வராது."

சத்தமாகத்தான் சொன்னார். என் புள்ளியை அவர் சத்தமாக வாசித்தது அந்த ஒருமுறைதான். பக்கத்தில் நின்ற வேறு பெற்றோர் கேட்கட்டும் என்று அவர் குரலை உயர்த்தியது எனக்குத் தெரிந்தது. அதைக் கேட்கத்தான் என்னால் முடியவில்லை. "போலாம்பா" என்று அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன்.

வீட்டுக்கு வந்து, தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனபோது நான் அவளிடம் வெடித்தேன்.

"ஒன்னைய யாரு வந்து சொல்லச் சொன்னா?"

"அந்த ஆளு அம்மாவ சொல்லிக்கிட்டே போறாரு, நீ குச்சியப் புடிச்சிக்கிட்டு நிக்கிற. நான் வேற என்னா செய்ய?"

"அதுக்கு என்னையக் காட்டிக் குடுப்பியா?"

"நான் அம்மா அப்பாவுக்காகத்தான் சொன்னேன்."

"எனக்காகச் சொல்லலியே."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, இருவருமே அதை எடுக்கவில்லை. அவள் செய்தது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். நான் செய்ய வேண்டியதை அவள் செய்தாள். அதிலும் அவள்தான் முன்னால் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதன் பிறகு பல வாரங்கள் நாங்கள் ஒரே வாங்கில் உட்கார்ந்தும் தேவைக்கு மேல் பேசவில்லை.

அந்த முதலாளியின் பேச்சு அம்மாவின் மனதில்தான் போய்த் தைத்திருந்தது. அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மலையிலிருந்து வந்து, சமைத்து முடித்ததும், நான் படிக்கிற இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தார். பெரியவள் பக்கத்தில் உட்காரவில்லை, என் பக்கத்தில். காலெல்லாம் அட்டைக் கடி, இடுப்பில் வலி, அப்படியே சுவரில் சாய்ந்து என் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "போய்ப் படுங்கம்மா" என்றால், "நீ படி, நான் சும்மாதான் இருக்கேன்" என்பார். கொஞ்ச நேரத்தில் தலை தொங்கும். பிறகு திடுக்கிட்டு விழித்து, நான் பார்த்துவிட்டேனா என்று பார்ப்பார். எனக்கு அந்த எழுத்துகளில் ஒன்றும் ஏறாது. ஆனாலும் அவர் விழிக்கும்போதெல்லாம் ஒரு பக்கத்தைப் புரட்டுவேன். சாதாரண தரச் சோதனை முடியும்வரை இப்படியே போனது. நான் கணிதத்தில் சித்தியடையவில்லை. பெரியவளுக்கு எல்லாப் பாடங்களிலும் நல்ல பெறுபேறு. வாழ்த்துச் சொல்ல லயத்தில் ஆட்கள் வந்து போனார்கள். அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, யாரும் இல்லாத நேரம் பார்த்து, "நாங்க ஒனக்கு எதுல கொற வச்சோம்னு தெரியலியே" என்றார். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்.

கணிதத்தை மறு வருடம் எழுதித் தேறினேன். இப்போது ஹட்டனில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையின் அலுவலகத்தில் வேலை. நோட்டன் பிரிட்ஜ், வலப்பனை, பொகவந்தலாவை என்று எந்தப் பக்கத்துக்கு எந்தச் சரக்கு கூடப் போகிறது, போன வருடம் எப்படி, இந்த வருடம் எப்படி என்று மாதக் கடைசியில் வரைபு போட்டுக் கொடுப்பேன். மூன்று வருடங்களைக்கூட ஒன்றையொன்று மறைக்காமல் நிற்கவைப்பேன். என் சிங்களம் கடைக்கு வருகிறவர்களோடு பேச உதவுகிறது. பெரியவள் கண்டிப் பக்கம் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். ஊரில் யாராவது இரண்டு பேரையும் விசாரித்தால், முதலில் அவளைப் பற்றிக் கேட்டுவிட்டு, பிறகு குரலைக் கொஞ்சம் தணித்து, "சின்னவ?" என்பார்கள்.

அவள் இரண்டாம் வருடத்தில் இருந்தபோது ஒருநாள் வேலை நேரத்தில் போன் வந்தது. மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறைக்குள் போய் எடுத்தேன்.

"ஒரு பாடம் போச்சுடி."

"போச்சுன்னா?"

"ஃபெயில். திரும்ப எழுதணும்." அவள் அழுதுகொண்டிருந்தாள். "அம்மாகிட்ட சொல்லாத. அப்பாகிட்டயும். ஒங்கிட்ட மட்டுந்தான் சொல்றேன்."

சொல்ல மாட்டேன் என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். ஒரு அக்கா தங்கை கேட்க வேண்டியதையெல்லாம் ஒழுங்காகக் கேட்டேன். போனை வைத்த பிறகு, பெட்டிகளுக்கு நடுவே நின்றபடி, என் வாய் ஓரம் விரிந்திருந்ததைக் கவனித்தேன். சிரித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சில் எதுவோ இலேசாகிவிட்டிருந்தது. எல்லோருக்கும் மறைத்து என்னிடம் மட்டும் சொல்லி அழுதவளின் அழுகை என் காதில் இருக்கும்போதே அது நடந்தது. கையால் வாயைத் துடைத்தேன், எதையோ தின்றுவிட்டுத் துடைப்பதுபோல். மண்டபத்தில் அத்தனை பேர் பார்த்தபோது இருந்த வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அங்கே பெட்டிகள் மட்டும்தான் இருந்தன. அன்று முழுக்க யாருடைய முகத்தையும் பார்க்கக் கூசியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் செய்து கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கடை விஷயமாகக் கண்டிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். விடுதி வாசலில் அவள் வந்து நின்றபோது மெலிந்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உள்ளே வெளியாட்களை விட மாட்டார்கள். ரோட்டோரம் ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். அவள் பசியோடு தின்றாள். பாதியில் நிறுத்தி, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஒனக்கு எப்பிடிடி இருந்திச்சு?"

"எது?"

"அப்பல்லாம். தவணைக்குத் தவணை."

பழகிவிடும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அது உண்மையில்லை.

"பழகவே இல்ல" என்றேன்.

அவள் தலையாட்டினாள். வேறு எதுவும் கேட்கவில்லை, மன்னிப்பு மாதிரியும் எதுவும் சொல்லவில்லை. நானும் போனில் சிரித்ததைச் சொல்லவில்லை. மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்தது. ஹட்டன் பஸ் போய்விடும் என்று அவள்தான் அவசரப்படுத்தி, என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.